மண்ணீரல் இல்லாத தாய்மாமன்

எங்களுக்கு முன்னால் இன்னும் ஐந்தாறு தலைகள் இருக்கின்றன. கோயில் தகரக் கொட்டகைக்குள் முடியெடுக்கிறவர் ஒருவர்தான், பொறுமைசாலி, ஒவ்வொரு குழந்தையிடமும் பேர் கேட்கிறார், அது வீறிடுவதையே பதிலாக எடுத்துக்கொண்டு தண்ணீரைத் தொட்டு உச்சியில் தடவுகிறார். நான் பட்டு வேட்டியும் கழுத்தில் மாலையுமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், என் கல்யாணத்தன்றுகூட இப்படி வியர்க்கவில்லை. முறை வந்ததும் அந்தப் பலகையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும், என் தங்கை மாரீஸ்வரியின் மகளை என் மடியில் வைப்பார்கள், தலை ஆடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், தாய்மாமன் வேலை அவ்வளவுதான், ஊர் உலகத்தில் எத்தனையோ தடியன்கள் வெற்றிலை மென்றுகொண்டே செய்துவிட்டுப் போகிற வேலை. எனக்குப் பயமாக இருக்கிறது. பதினோரு மாதக் குழந்தையைப் பார்த்து நாற்பது வயது ஆள் பயப்படுகிறான் என்றால் சிரிப்பார்கள், அதனால் வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொன்னதில்லை. அவள் பேர் தன்ஷிகா, எண் கணிதம் பார்த்து வைத்தது, என் வாயில் நுழைய ஒரு வாரம் ஆயிற்று. இன்றுவரை நான் அவளைத் தூக்கியதில்லை. போனில் பார்த்திருக்கிறேன், ஒரு தடவை அவர்கள் வீட்டு வாசல் வரை போய் காருக்குள்ளிருந்தே பார்த்துவிட்டு அவசர வேலை என்று திரும்பியிருக்கிறேன். இப்போது கொட்டகை ஓரத்தில் அவள் அப்பா தோளில் இருந்தபடி என்னையே பார்க்கிறாள். மூக்கின் கீழே ஒரு கோடு மினுங்குகிறது, சளியா வியர்வையா என்று இங்கிருந்து தெரியவில்லை, அந்தக் கோட்டைத்தான் நான் இவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பத்தொன்பது வயதில் பைக்கிலிருந்து விழுந்தேன். திருத்தங்கல் ரோட்டில், முந்த வேண்டாத இடத்தில் முந்தி, ஹேண்டில்பார் இடது விலாவுக்குக் கீழே குத்தி உள்ளே மண்ணீரல் கிழிந்துவிட்டது, எடுத்துவிட்டார்கள். “அது இல்லாம நல்லாவே வாழலாம்ப்பா” என்றார் அன்றைக்கு அறுத்த டாக்டர். நானும் நல்லாவே வாழ்ந்தேன், அப்படியொரு உறுப்பு இருந்ததும் போனதும் ஞாபகமே இல்லாமல் சிவகாசியில் காலண்டர் அச்சடித்துக்கொண்டு வாழ்ந்தேன். ஆப்செட் மெஷினிலிருந்து வருகிற தாளை லென்ஸ் வைத்துப் பார்ப்பது என் வேலை, முருகன் முகத்தில் நீலம் ஏறிவிட்டதா, லட்சுமி புடவையில் சிவப்பு இறங்கிவிட்டதா என்று. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் மெஷின் பக்கத்தில் நிற்கும்போதே குளிர் எடுத்தது, சித்திரை வெயிலில் குளிர், பல் தந்தியடித்தது, ஒரு மாத்திரை போட்டுப் படுத்தேன், விடிந்தபோது மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் குழாய்களுக்கு நடுவே கிடந்தேனாம், என் மனைவி செண்பகம் சொல்லித்தான் தெரியும். ரத்தம் முழுக்கக் கிருமி பரவியிருந்தது. எனக்கு ஞாபகம் இருப்பது கண் விழித்த பிறகு பார்த்த இடது கைதான், மோதிர விரலும் சுண்டு விரலும் நுனியில் கறுத்திருந்தன, நான் மை என்று நினைத்தேன், கறுப்பு மை, கை துடைக்காமல் வந்துவிட்டோமே என்று போர்வையில் துடைத்துக்கொண்டேயிருந்தேன். நர்ஸ் கையைப் பிடித்து நிறுத்தினாள், அது மை இல்லைங்க சார் என்றாள். பிறகு அந்த நுனிகளை எடுத்துவிட்டார்கள், இப்போது அந்த இரண்டு விரல்களும் மொழுக்கென்று இருக்கின்றன. குழந்தை அதைப் பார்த்துப் பயப்படுவாளோ, நான் அவளுக்குப் பயப்படுவதுபோல. மாலைக்கடியில் கையை வைத்துக்கொள்கிறேன்.

கிருமியின் பேர் நியூமோகாக்கஸ். மதுரை டாக்டரம்மா சீட்டில் எழுதிக்கூடக் காட்டினார். அது எங்கோ சாக்கடையிலிருந்து வரும் என்று நினைத்திருந்தேன், சின்னப் பிள்ளைகளின் மூக்கிலும் தொண்டையிலும் சும்மா குடியிருக்குமாம், பெரும்பாலும் பிள்ளையை ஒன்றும் செய்யாதாம், சளியோடும் தும்மலோடும் முத்தத்தோடும் அடுத்த ஆளுக்குப் போகுமாம். “மத்தவங்களுக்கு ரத்தத்துல நுழைஞ்சா மண்ணீரல் வடிகட்டிரும். உங்ககிட்ட அந்த வடிகட்டி இல்லை. எடுத்தப்பவே ஊசி போட்டிருக்கணும், போடலை போல” என்று சொல்லி, இரண்டு விதமான ஊசியும் போட்டு, காய்ச்சல் என்று வந்தால் அந்த நிமிடமே போட மாத்திரையும் கொடுத்து, கடைசியாக வாசல் வரை வந்த பிறகு, “சளி புடிச்ச சின்னப் பிள்ளைங்ககிட்ட மட்டும் கொஞ்சம் கவனமா இருங்க” என்றார். அவர் சொன்னது கொஞ்சம் கவனம். நான் எடுத்துக்கொண்டது தலைதெறிக்க ஓட்டம். என் சுபாவம் அப்படி, ஒரு நூல் தள்ளி அச்சானாலும் கட்டு முழுவதையும் கழித்துப் போடுகிறவன். அப்போது நாங்கள் இருந்த வீட்டு மாடியில் ஒரு சின்னப் பையன் இருந்தான், எந்நேரமும் மூக்கு ஒழுக என் மடியில் ஏறி என் லென்ஸால் எறும்பைப் பார்ப்பான், அவனிடமிருந்துதான் வந்தது என்று யாரும் சொல்லவில்லை, யாராலும் சொல்லவும் முடியாது, பஸ்ஸில் வந்திருக்கலாம், கல்யாண வீட்டில் வந்திருக்கலாம். ஆனாலும் வீடு மாற்றினேன். புது வீட்டுத் தெருவில் குழந்தைகளே கிடையாது, அதைப் பார்த்துத்தான் அட்வான்ஸ் கொடுத்தேன். செண்பகம்தான் சாமான்களையெல்லாம் கட்டினாள். எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு வருடம். தெருவில் குழந்தை வேண்டாம் என்றவன் வீட்டுக்குள் குழந்தை வேண்டும் என்பானா, அவள் கணக்குப் போட்டிருப்பாள், சரியாகத்தான் போட்டிருப்பாள். முதலில் கேட்டாள், பிறகு அழுதாள், பிறகு நர்சரிப் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சர் வேலைக்குப் போகட்டுமா என்றாள், அதற்கும் வேண்டாம் என்றேன், உன் சேலையில் ஒட்டிக்கொண்டு வரும் என்றேன். இப்போது ஒரு வருடமாக எதுவும் கேட்பதில்லை. கேட்டுக்கொண்டிருந்தபோதாவது நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதோ நிற்கிறாள், பித்தளைக் கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு, மாம்பழக் கலர் சேலையில். என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காகவே சந்தனத்தை அப்படிக் குழைக்கிறாள். நான் இன்று அந்தப் பலகையில் உட்காராமல் எழுந்து போனால் அவளும் எதுவும் சொல்ல மாட்டாள், ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சொல்வதற்கு எதுவும் மிச்சமிருக்காது, அது எனக்குத் தெரியும், மடியில் உட்காரப் போவது தங்கச்சி பிள்ளை மட்டும் இல்லை. ஒரு தலை முடிந்தது. மொட்டையான பையன் அழுகையை நிறுத்திவிட்டுத் தன் தலையைத் தானே தடவிப் பார்க்கிறான், யாருடையது என்பதுபோல. எல்லாரும் சிரிக்கிறார்கள், நானும் சிரித்துவிட்டேன். நாற்காலிகள் ஒரு தள்ளு தள்ளி முன்னால் நகர்கின்றன.

சென்ற வருடம் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வருகிறது, ஞாபகம் வருவதாவது, தினம் நாலு தடவை நானே எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். இப்போது அரசாங்கமே எல்லாக் குழந்தைக்கும் இந்தக் கிருமிக்கு எதிராக ஊசி போடுகிறது, ஒன்றரை மாதத்தில் ஒன்று, மூன்றரை மாதத்தில் ஒன்று, ஒன்பதாம் மாதம் ஒன்று. பிள்ளைகளுக்குப் போட ஆரம்பித்த நாடுகளிலெல்லாம் பெரியவர்களுக்கு இந்த நோய் வருவதும் குறைந்திருக்கிறது, ஊசியே போடாத பெரியவர்களுக்கும் என்றார். எனக்குப் புரியவில்லை. “அதெப்படி டாக்டர், ஊசி பிள்ளைக்கு, பாதுகாப்பு எனக்கா” என்று கேட்டேன். “பிள்ளை மூக்குல அது தங்க இடம் இல்லைன்னா உங்க மூக்குக்கு எங்கிருந்துங்க வரும்?” என்றார். இவ்வளவு எளிதான விஷயமா என்று எனக்குச் சந்தேகம்தான் வந்தது, எளிதாகச் சொன்னால் நம்பாத புத்தி. அவரும் யோக்கியமான டாக்டர், அதோடு விடவில்லை, இந்தக் கிருமியில் ஏகப்பட்ட வகை, ஊசி எல்லா வகைக்கும் இல்லை, ஒன்று ஒதுங்கினால் ஊசியில் இல்லாத இன்னொன்று கொஞ்சம் தலைகாட்டும், கணக்கில் பார்த்தால் குறைவுதான், ஆனால் மாத்திரையைக் கையோடு வைத்திருங்கள் என்றார். அந்த வாக்கியத்தில் குறைவுதான் என்பது இருந்தது, தலைகாட்டும் என்பதும் இருந்தது. நான் எதைப் பிடித்துக்கொண்டு வீடு வந்திருப்பேன் என்று சொல்லவே வேண்டாம். மாரீஸ்வரிக்குப் போனில் இதையெல்லாம் சொன்னபோது அவள் குறைவுதான் என்பதைப் பிடித்துக்கொண்டாள். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான்.

மொட்டை ஏழாம் மாதம் என்று அவள் மாமியார் வீட்டில் முடிவு பண்ணியிருந்தார்கள். மாரீஸ்வரிதான் பதினொன்றுக்குத் தள்ளினாள், ஒன்பதாம் மாத ஊசி முடியட்டும், அப்புறம் அண்ணன் மடியில் வைக்கலாம் என்று. அந்தக் காரணத்தை அங்கே சொல்லவில்லை, அண்ணனுக்கு வியாதி என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அது எங்கெங்கோ போய் என்னென்னவோ ஆகித் திரும்பி வரும் என்று அவளுக்குப் பயம். காரணம் சொல்லாமல் தள்ளிப்போட்டால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தோன்றுகிற காரணம் ஒன்றே ஒன்றுதான், மாமன் சீர் தயாராகவில்லை. தங்கச்சி பெற்ற பிள்ளையைப் பார்க்கக்கூட வராத தாய்மாமன், வந்தவன் காரை விட்டு இறங்காமல் போன தாய்மாமன், சங்கிலி போட மனசில்லாமல் நழுவுகிறான், தங்கச்சி முட்டுக்கொடுக்கிறாள். சம்பந்தியம்மாள் அதை என் காதுபடவே ஜாடையாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு அதுகூட வசதியாகத்தான் இருந்தது, கஞ்சன் என்ற பேரோடு ஒருவன் ஊருக்குள் நடமாடலாம், குழந்தைக்குப் பயந்தவன் என்ற பேரோடு முடியாது. மாப்பிள்ளை பொன்ராஜ் மட்டும் ஒன்றுமே சொன்னதில்லை, பேசாத ஆள், போனை எடுத்தாலும் இருங்க மச்சான் என்று மாரீஸ்வரியிடம் கொடுத்துவிடுவார், அந்தப் பேசாமையில் கோபம் எவ்வளவு என்று நான் பல நாள் அளந்து பார்த்திருக்கிறேன். இன்று சங்கிலியும் கொண்டுவந்துவிட்டேன், ஏழு தட்டும் வைத்துவிட்டேன். இனி ஒளிந்துகொள்ளக் கஞ்சத்தனமும் இல்லை.

இன்னும் இரண்டு தலை. முன்வரிசைக் குழந்தை ஒன்று தும்முகிறது, என் கால்விரல்கள் தானாக மடங்குகின்றன. சம்பந்தியம்மாள் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து விசிறிக்கொண்டே யாரிடமோ பேசுகிறார், அந்தப் பக்கம் திரும்பித்தான் பேசுகிறார், ஆனால் சொற்கள் என் பக்கம் விழுகின்றன. “இவளுக்கு எதுவுமே ஒழுங்கா அமையாதுக்கா. ஒம்போதாம் மாசம் ஊசி போடத் தூக்கிட்டுப் போனேன், மேலு சுடுதுன்னு போடாம திருப்பி அனுப்பிட்டாங்க. வெயில்ல போயிட்டு வந்ததுதான் மிச்சம்.” விசிறி ஓய்ந்து மறுபடி ஆடுகிறது. போடவில்லை. ஒன்பதாம் மாதம் போடவில்லை. அப்படியென்றால் மாரீஸ்வரி போட்டாச்சு என்று சொன்னது என்ன, என் பயத்தை அடக்கச் சொன்ன பொய்யா, அவள் சின்ன வயதிலிருந்தே என் பயத்துக்குப் பொய் சொல்லிப் பழகியவள், கிணற்றில் ஆழமே இல்லைண்ணே என்று சொல்லி என்னைக் குதிக்க வைத்தவள். வயிற்றில் இடதுபக்கம், ஒன்றுமில்லாத அந்த இடத்தில், என்னவோ இறங்குகிறது. முதல் இரண்டும் போட்டிருக்கிறது, அது போதாதா, போதாது என்றுதானே மூன்றாவது வைத்திருக்கிறார்கள், தும்மினால் என்ன செய்வது, முகத்தைத் திருப்பிக்கொள்ளலாமா, மடியில் வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிற தாய்மாமனைப் போட்டோக்காரர் எப்படி எடுப்பார். இப்போது எழுந்தால் தலைசுற்றல் என்று சொல்லிக்கொள்ளலாம், சித்தப்பா மகன் நிற்கிறான், அவனும் முறைக்கு மாமன்தான், மாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டால் தீர்ந்தது. கை மாலைக்குப் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து செண்பகம் நிமிர்கிறாள். என் கையைத்தான் பார்க்கிறாள். பார்த்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைக்கிறாள், மெதுவாக, இதற்கு மேல் குழைக்க வேண்டியதில்லை என்பதுபோல.

எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது. மூன்று வருடமாக எல்லாவற்றையும் மனசுக்குள்ளேயே கேட்டு மனசுக்குள்ளேயே பதிலும் சொல்லிக்கொண்டு, வீட்டு ஆட்களிடம் வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டதில்லை. மாலையிலிருந்து கையை எடுக்கிறேன். “மாரி” என்று கூப்பிடுகிறேன், கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரி வந்துவிட்டது. தட்டுகளைச் சரிசெய்துகொண்டிருந்தவள் திரும்பினாள். “பாப்பாவுக்கு ஒம்போதாம் மாசத்து ஊசி போட்டீங்களா இல்லையா? உள்ளதச் சொல்லு. எனக்கு மண்ணீரல் இல்லை, பிள்ளைங்ககிட்ட இருந்து அந்தக் கிருமி வந்தா நான் பிழைக்கிறது கஷ்டம். அதனாலதான் இத்தனை நாளும் நான் பாப்பாவத் தொடலை.” சொல்லி முடித்த பிறகுதான் சொல்லிவிட்டது தெரிகிறது. முடியெடுக்கிறவரின் கத்திகூட ஒரு கணம் நின்றது. சம்பந்தியம்மாளின் விசிறி மடியில் விழுந்து கிடக்கிறது. “என்ன தம்பி சொல்றீங்க” என்கிறார், குரலில் ஜாடை எதுவும் இல்லை. மாரீஸ்வரி வாயைத் திறப்பதற்குள் பொன்ராஜ் பேசுகிறார். குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு, எப்போதும்போல எங்கோ பார்த்துக்கொண்டு. “போட்டாச்சு மச்சான். அம்மா போன அன்னைக்குக் காய்ச்சல். சரியானதும் அடுத்த புதன்கிழமையே நான் லீவு போட்டுத் தூக்கிட்டுப் போனேன். அம்மாட்ட சொல்லலை, சொன்னா எதுக்கு இத்தனை அவசரம்பாங்க.” அவர் இவ்வளவு பேசியே நான் கேட்டதில்லை. “இவ என்கிட்ட மட்டும் எல்லாத்தையும் சொல்லியிருக்கா. உங்க மடியில உக்காரப்போற பிள்ளை. போடாம விடுவமா?”

அடுத்த பேர் எங்களுடையது. எழுந்து போய்ப் பலகையில் சம்மணம் போட்டு உட்காருகிறேன், மடியில் எடை வந்து உட்காருகிறது. கனமாக இருக்கிறாள், சூடாக, போனில் எடை தெரிவதில்லை. அழுவாள் என்று எல்லாரும் தயாராக இருக்கிறார்கள், அவள் என் நுனியில்லாத விரலைப் பிடித்துப் பார்க்கிறாள், வாயில் வைக்கப் போகிறாள், நான் இழுத்துக்கொள்கிறேன், மறுபடி பிடிக்கிறாள். தண்ணீர் தலையில் பட்டதும்தான் அழுகை. உடம்பு மொத்தமும் அழுகிறது, முதுகு என் வயிற்றில் மோதுகிறது, ஒன்றுமில்லாத அந்த இடத்திலேயே மோதுகிறது. நான் தலையைப் பிடித்துக்கொள்கிறேன், பஞ்சு மாதிரி முடி என் விரல்களுக்கு நடுவே விழுகிறது. மூக்கு ஒழுகுகிறது, சளிதான், சந்தேகமே இல்லை, என் கைமேல் இறங்குகிறது. அது கிருமியாக இருக்கலாம், வெறும் அழுகையாகவும் இருக்கலாம், ஊசியில் இல்லாத வகையாகக்கூட இருக்கலாம், பயம் போகவில்லை, இருக்கிறது, ஆனால் அது பாட்டுக்கு இருக்கிறது. எதிரே வரிசையில் மடிமடியாகக் குழந்தைகள், ஜட்டியோடும் அதுவும் இல்லாமலும். எல்லார் தொடையிலும் அந்த ஊசி இறங்கியிருக்கும். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த குழந்தைகளுக்கும், கடையில் என் வேட்டியைப் பிடித்து இழுத்த குழந்தைக்கும், நான் ஓடி ஒளிந்த தெருக்களில் இருந்த குழந்தைகளுக்கும். பெற்றவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, காலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, சீக்கிரம் போடுங்க சிஸ்டர் என்றிருப்பாள், ராத்திரி காய்ச்சலில் தூக்கிக்கொண்டு நடந்திருப்பாள். ஒருத்தியும் என்னை நினைத்துச் செய்யவில்லை. சிவகாசியில் தவசிலிங்கம் என்று ஒருவன் இருக்கிறான், அவனுக்கு வடிகட்டி கிடையாது என்று அவர்களுக்குத் தெரியாது. நான் பயந்து பயந்து வீட்டுக்குள் கிடந்த நாளிலெல்லாம் அவர்கள் பாட்டுக்கு என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். யாருக்கென்று நன்றி சொல்வது, எனக்கு அழுகை வருகிறது, குழந்தை அழுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

“முடிஞ்சதும்மா, முடிஞ்சது” என்று முடியெடுக்கிறவர் துண்டால் தட்டிவிடுகிறார். அவள் திரும்பி என் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், மாலையிலிருந்த சம்பங்கி நசுங்குகிறது, விக்கல் ஒவ்வொன்றாகக் குறைகிறது. மொட்டைத் தலை என் தாடைக்குக் கீழே சொரசொரவென்று இருக்கிறது. குளிப்பாட்டிச் சந்தனம் பூசுவது அத்தைமுறை, அதனால் செண்பகம் வந்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு குனிகிறாள். நான் கொடுக்கவில்லை. “குடுங்க, குளிப்பாட்டணும்” என்கிறாள்.

“இருக்கட்டும் செண்பகம். கொஞ்ச நேரம் இருக்கட்டும்.”

அவள் கைகள் நீட்டினது நீட்டினபடியே இருக்கின்றன. பின்னால் அடுத்த குடும்பம் பலகைக்காக நிற்கிறது, யாரோ தொண்டையைக் கனைக்கிறார்கள். செண்பகம் குரலைத் தாழ்த்தி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “இங்க நாலு பேரு பாக்கறாங்கன்னு சொல்றீங்களா” என்றாள்.

“இல்ல. எனக்கும் இது மாதிரி ஒண்ணு வேணும்.”

அவள் என்னையே பார்த்தாள். கேலி செய்கிறேனா என்று பார்த்திருப்பாள். பிறகு வரிசையில் நிற்கிறவர்களைப் பற்றிக் கவலையே படாமல், பட்டுச் சேலையோடு அந்த ஈரத் தரையிலேயே என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.